மேனேஜர் நாற்காலி

மேனேஜர் செல்வக்குமாரின் நாற்காலி, சாய்ந்தால் பின்னால் போகிற வகை. அருள்குமார் அதன் நுனியில் உட்கார்ந்திருந்தான்.

பெண்ணின் அப்பா கேட்டுக்குள் வந்துவிட்டார் என்று வாட்ச்மேன் போனில் சொல்லியாகிவிட்டது.

வேலம்பாளையத்தில் இருக்கும் அந்த பனியன் கம்பெனியில் அருள்குமாருக்கு அயர்ன் டேபிளில் வேலை. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்தவன் என்பது அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள், ஃபேன் சுற்றாவிட்டால் இன்ஜினியரைக் கூப்பிடு என்று சிரிப்பார்கள்.

பையன் என்ன வேலை பார்க்கிறான் என்ற கேள்வியிலேயே வந்த வரன்கள் எல்லாம் நின்றுபோயின. இந்த முறை தரகர் துணிந்து, மேனேஜர் என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான், மாப்பிள்ளை வேலை செய்யும் இடத்தைப் பெண்ணின் அப்பா நேரில் பார்க்க வருகிறார் என்று சேதி வந்தது.

செல்வக்குமார் நல்ல மனிதர்.

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தப் பண்ணலாம்னு சும்மாவா சொன்னாங்க. நான் சாயப்பட்டறை வரைக்கும் போயிட்டு வந்தர்றேன். கம்ப்யூட்டரை மட்டும் தொட்டுறாத கண்ணு" என்று அறையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

இன்ஜினியரிங் படித்தால் ஏ.சி. அறையில் உட்காரலாம் என்று அப்பா சொல்லித்தான் படிக்க வைத்தார். அவர் சொன்னது பொய்யில்லை. ஒரு மணி நேரத்துக்குக் கிடைத்துவிட்டது.

கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார் தங்கவேலு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. உட்காரச் சொன்ன பிறகும் கொஞ்சம் தயங்கித்தான் உட்கார்ந்தார். பெரியவர் வந்ததும் தான் எழுந்து நின்றிருக்க வேண்டும் என்பது அருள்குமாருக்கு அப்புறம்தான் உறைத்தது.

எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், ஆர்டர் எல்லாம் எப்படி இருக்கிறது தம்பி என்று விசாரித்தார். கம்பெனியைப் பற்றி அவனுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. தடுமாறாமல் சொன்னான்.

வினிதாவின் போட்டோ வந்த நாளிலிருந்து அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். அவளுடைய அப்பா தன் பேச்சுக்குத் தலையாட்டுவது பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இந்த இடம் அமைந்துவிட்டால் போதும். உண்மையைக் கல்யாணத்துக்குப் பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம்.

தங்கவேலு டீயைப் பாதியிலேயே கீழே வைத்தார்.

"தப்பா நினைக்காதீங்க சார். சாதகம் பொருந்தலீன்னு சோசியர் போன வாரமே சொல்லிப்போட்டாருங்க. தரகர்கிட்டகூட நான் இன்னும் சொல்லலீங்க."

தம்பி எப்போது சார் ஆனது என்று அருள்குமாருக்கு விளங்கவில்லை. அப்படியென்றால் இவர் எதற்காக வந்தார்?

"பாப்பா எம்.எஸ்சி. கணக்குங்க. மூணு வருசமா ஊட்டுலதான் இருக்குது. ஒரு மேனேஜரை நேர்ல பார்த்துக் கேக்கறதுக்கு எனக்கு வேற வழி தெரியலீங்க. கேட்டுல பேக்கிங்குக்கு ஆள் வேணும்னு அட்டை தொங்குதே, அந்த வேலைன்னாலும் சரீங்க."

பேக்கிங் டேபிள், அயர்ன் டேபிளுக்கு நேர் எதிரே இருக்கிறது. அவன் தேய்த்துத் தள்ளுகிற டி-ஷர்ட்டை வாங்கி, மடித்து, கவரில் போடுகிற வேலை. திங்கட்கிழமை வினிதா வந்தால் நாள் முழுக்க அவன் எதிரில்தான் நிற்பாள்.

செல்வக்குமாரிடம் அவன் ஒரு வார்த்தை சொன்னால் அவளுக்கு வேலை கிடைத்துவிடும். அதுவும் அவனுக்குத் தெரியும்.

"அது பழைய அட்டைங்க. ஆள் போட்டாச்சு."

தங்கவேலு கும்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

கேட்டுக்குப் போனதும் அவர் நின்று அந்த அட்டையை இன்னொரு முறை படிப்பது ஜன்னல் கண்ணாடி வழியே தெரிந்தது.

இன்று காலை மேனேஜர் சொல்லி, அருள்குமார்தான் அதை எழுதிக் கட்டினான்.