பூவுக்கு ஓடிய மெஷின்

சலூன்காரருக்கு அவர் தர வேண்டிய பாக்கி நூற்றிருபது. கையில் இருந்ததோ ஒரு கிண்ணம் கத்தரிக்காய் வதக்கல்.

ஐந்து மாடி இறங்குவதற்குள் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே இறங்கினார். பணமாகக் கொடுத்தால் வாரக் கடைசியில் பஸ்ஸுக்கு இடிக்கும். கிண்ணத்தைக் கொடுத்து இன்னொரு வாரம் தவணை கேட்கலாம்.

தலையில் மருந்துக்குக்கூட ஒரு முடி இல்லாத மனுஷன் சலூனில் கடன் வைத்திருப்பது வெளியே தெரிந்தால் கட்டடமே சிரிக்கும். வீட்டில் தெரிந்தால் கேட்கவே வேண்டாம்.

எல்லாம் அந்த மூன்று வாளிகளால் வந்தது.

பெயின்ட் வாளிகள். பால்கனியை அடைத்துக்கொண்டு வரிசையாக வைத்து, கத்தரி நட்டிருந்தார். செடி மளமளவென்று வளர்ந்தது. ஊதா ஊதாவாகப் பூத்துத் தள்ளியது. பூத்ததெல்லாம் மூன்றாம் நாள் காம்போடு கழன்று தரையில் கிடந்தது. பிஞ்சு மட்டும் ஒன்றுகூட இல்லை.

வீட்டுக்காரி ஹோட்டல் சமையல்காரர்களின் ஏப்ரன்களைத் துவைத்துத் தேய்த்துக் கொடுப்பவள். காயப்போட இடமில்லாமல் கதவிலும் கட்டிலிலும் ஜன்னலிலும் தொங்கவிட்டு, ஈரத் துணிக்கு நடுவே குனிந்து குனிந்து குடித்தனம் நடந்துகொண்டிருந்தது. பால்கனியில் கொடி கட்டியே ஆக வேண்டும்.

“ஞாயித்துக்கிழமை கயிறும் கொக்கியும் வாங்கிட்டு வரேன். அதுக்குள்ள ஒரு பிஞ்சு கண்ணுல பட்டா சரி. இல்லேன்னா உங்க மூணு பிள்ளைங்களும் தெருவுக்குப் போயிரும்,” என்றாள்.

வேலை செய்யும் இடத்தில் இருந்த தோட்டக்காரர்தான் விஷயத்தைச் சொன்னார். கத்தரிப்பூவின் மகரந்தத் தூள் சும்மா உதிராதாம். வண்டு வந்து பூவில் தொங்கி, உடம்பை அதிரவைத்தால்தான் கொட்டுமாம்.

ஐந்தாம் மாடியில், புறா வலைக்கு உள்ளே, எந்த வண்டு வரும்?

ஆனாலும் அவருக்குச் சிரிப்பு வந்தது. அதிரவைப்பதுதானே. இருபத்திரண்டு வருஷமாக அவர் சோறு தின்பதே அந்த வேலையில்தான். தூணுக்குள் கான்கிரீட் கொட்டக் கொட்ட, வைப்ரேட்டர் குழாயை உள்ளே விட்டு அதிரவைக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே பொந்து பொந்தாக நின்றுவிடும். பிடித்துப் பிடித்து, இப்போது மெஷின் இல்லாமலே கை ஆடுகிறது. டீ வாங்கினால் பாதி வாய்க்கு, பாதி சட்டைக்கு.

முதலில் அந்தக் கையாலேயே பூவை ஆட்டிப் பார்த்தார். காம்பு ஒடிந்ததுதான் மிச்சம்.

இதற்குக் கொஞ்சம் சின்ன மெஷினாக வேண்டும். வேலைக்குப் போகக் கீழே சலூனைத் தாண்டும்போதுதான், யாருக்கோ பிடரியில் முடிவெட்டும் மெஷின் ர்ர்ர் என்று ஓடுவது காதில் விழுந்தது.

“தாடிக்கு ஓடினாலும் பூவுக்கு ஓடினாலும் ஒரு தடவைக்குப் பத்துதாண்ணே,” என்றார் சலூன்காரர். “தேயுறது என் பிளேடு.”

முதல் நாள், மெஷின் பழக்கத்தை விடாமல் தன் வேலையைப் பார்த்துவிட்டது. நல்ல பூ ஒன்று சுத்தமாக மொட்டை. மறுநாள் திருப்பிப் பிடித்தார். பிளேடு வெளியே, அடிப்பக்கம் காம்பில். ர்ர்ர் என்றதும் மஞ்சள் தூள் பொடிப்பொடியாக இறங்கியது.

சலூன்காரர் கடைக்குப் பின்னாலேயே குடியிருந்தது வசதியாகப் போயிற்று. விடியும்போது வாங்கி வந்து, வீட்டுக்காரி புரண்டு படுப்பதற்குள் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பிஞ்சு வரவில்லை. கயிறும் வரவில்லை. கடைக்குப் போக நேரமில்லை என்றாள். அடுத்த ஞாயிறு, நல்ல கயிறு இல்லை என்றாள். அதற்கடுத்த ஞாயிறு, கொக்கி அளவு சரியில்லை. தன் நல்ல நேரம் என்று அவர் நினைத்துக்கொண்டார். பூ விரிந்த நாளாகப் பார்த்துப் பன்னிரண்டு நாள் மெஷின் ஓடிய பிறகு, இலைக்கு அடியில் பச்சைத் தொப்பி போட்ட பிஞ்சு ஒன்று எட்டிப் பார்த்தது. அப்புறம் இன்னொன்று.

இன்றைக்கு ஏழு காய் பறித்தார். நறுக்க உட்கார்ந்தவர் கையிலிருந்து அவள் கத்தியைப் பிடுங்கிக்கொண்டாள். “விடுங்க. விரலையும் சேர்த்து வதக்கணுமா?”

நறுக்கியதைத் தண்ணீரில் போட்டு, பூண்டு தட்டி, எண்ணெயில் நிதானமாகப் புரட்டினாள். வாசனை அடுத்த வீட்டுக் கதவைத் தட்டியது. இறக்கியதும் முதல் கிண்ணத்தை மூடி அவரிடம் நீட்டினாள்.

“சலூன்காரருக்குக் குடுத்துட்டு வாங்க.”

ஏன் சலூன்காரருக்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் வேறு எதையாவது கிளறிவிடுவாளோ என்று பயம்.

சலூன்காரர் நின்றபடியே இரண்டு துண்டை எடுத்து வாயில் போட்டார். நாற்காலியில் பாதி முகம் நுரையோடு ஒருவர் காத்திருந்தார்.

“தம்பி, அந்த நூத்திருபது…”

“அதான் அண்ணி அப்பவே குடுத்துட்டாங்களே,” என்றார் சலூன்காரர், விரலை நக்கியபடி. “அந்த முதல் ஞாயித்துக்கிழமையே வந்து வெச்சுட்டுப் போனாங்க. இது தீருற வரைக்கும் அவருக்கு மெஷினைக் குடு, கேட்டா பாக்கின்னே சொல்லுன்னாங்க. ஏதோ கயிறு வாங்க வெச்சிருந்த காசாம்.”

அவர் ஐந்து மாடியும் ஏறினார்.

கதவைத் திறந்ததும், ஈர ஏப்ரன் ஒன்று வழுக்கைத் தலையில் சப்பென்று வந்து ஒட்டியது.