நஷ்டக் கம்பெனிக்கு ஏது வரி?

“அப்பாவையே வேலையை விட்டுத் தூக்கிட்டியே, நீயெல்லாம் நல்லா இருப்பியாடா?”

அக்கா கைப்பையை மேஜையில் போட்ட வேகத்தில் கால்குலேட்டர் துள்ளிக் கீழே விழுந்தது. தம்பி குனிந்து எடுத்து வைத்தான். அந்தக் கல்லுளிமங்கத்தனம்தான் அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இரண்டு மெஷின்கள் பாட்டில் மூடிகளைத் துப்பிக்கொண்டிருந்தன. அப்பா ஒற்றை ஆளாக ஆரம்பித்து, பிறகு நிர்வாகத்தைத் தம்பி கையில் கொடுத்த கம்பெனி. ‘மூடி முதலாளி’ என்று சொன்னால்தான் ஊரில் அவரைத் தெரியும். அந்த மூடி முதலாளி இப்போது வீட்டில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். சாப்பாடு இறங்குவதில்லை. யாரோடும் பேச்சில்லை.

“அவர் என்ன, சம்பளமா கேட்டாரு? தினமும் வந்து செத்த நேரம் உக்காந்துட்டுப் போறேன்னுதானே கேட்டாரு?”

“முடியாதுக்கா.”

“ஏன் முடியாது? ஆடிட்டருக்குக் குடுக்கக் காசில்லாம நீ முழிச்சப்ப யாருடா கணக்கு எழுதினது? பகலெல்லாம் மெஷின்ல நின்னுட்டு, ராத்திரி கண்ணாடியை மாட்டிக்கிட்டு வரி ஃபாரமெல்லாம் தானே நிரப்பி...”

“மெதுவாப் பேசுக்கா. வெளியில கேக்கும்.”

“நல்லாக் கேக்கட்டும்! கம்பெனியை நீ அமுக்கிட்டேன்னு சொந்தக்காரங்க எல்லாம் காறித் துப்புறாங்க. என்னால ஒரு வீட்டுக்குப் போய்த் தலைகாட்ட முடியலை.”

கதவைத் தட்டிவிட்டு ஒருவர் உள்ளே வந்தார். வரி அலுவலகத்து அதிகாரி. கையில் தடிமனான ஃபைல். தம்பி எழுந்து நின்ற விதத்திலேயே, அவர் வருவது இது முதல் தடவை இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“இவங்க யாரு?”

“எங்க அக்கா சார். கம்பெனிக்கும் இவங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.”

அக்காவுக்குச் சுருக்கென்றது. அப்பாவைத் துரத்தியாயிற்று, அடுத்தது நானா?

அதிகாரி அதையெல்லாம் கவனிக்கவில்லை. உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

“மூடி வாங்கினவங்ககிட்ட பில்லுக்குப் பில் வரி வசூல் பண்ணியிருக்கீங்க. எங்களுக்கு அனுப்பின ஃபாரத்துல மட்டும் ‘வரி எதுவும் இல்லை’ன்னு வருஷக்கணக்கா எழுதியிருக்கீங்க. வசூல் பண்ண பணம் எங்கே?”

“சம்பளம் போட்டாச்சு சார்.”

“லாபத்துக்குக் கட்டுற வரி வேற, வித்ததுக்குக் கட்டுற வரி வேற. லாபம் வந்தாலும் வராட்டியும் ரெண்டாவதைக் கட்டியே ஆகணும். அது ஜனங்க உங்க கையில குடுத்து விட்ட பணம். எடுத்துச் செலவு பண்ணா ஜெயில்தான்.”

‘நஷ்டத்துல ஓடுற கம்பெனிக்கு ஏதும்மா வரி? இந்த அழகுக்கு ஆடிட்டர் ஒரு கேடா?’ என்று அப்பா சாப்பிட்டுக்கொண்டே சிரித்தது அக்காவின் காதில் கேட்டது. அடுத்தவர் காசில் ஒரு பைசாவைத் தொடாத மனுஷன். வரி என்றால் எல்லாம் ஒரே வரிதான் என்று நினைத்துத் தொலைத்துவிட்டாரே!

“இந்தக் கணக்கெல்லாம் யார் எழுதினது?”

“நான்தான் சார்.”

“உங்கப்பா?”

“அவருக்குக் கணக்கே தெரியாது சார்.”

அதிகாரியின் செல்போன் அடித்தது. எடுத்துக்கொண்டு வெளியே போனார். அக்கா தம்பியின் கையைப் பிடித்தாள்.

“டேய்... என்னடா பண்றே?”

“நோட்டீஸ் வந்த அன்னைக்குத்தான்கா அவரை வீட்டுக்கு அனுப்பினேன். இங்கே இருந்தா, ‘ஆமா, நான்தான் எழுதினேன்’னு பெருமையாச் சொல்லிடுவாரு.”

“அவருக்கு விஷயம் தெரியுமா?”

“தெரிஞ்சா தாங்குவாரா? ஜெயிலை விடு. தான் தப்பாக் கணக்கு எழுதினோம்னு தெரிஞ்சாலே உயிரை விட்டுடுவாரு. மகன் மோசக்காரன்னு நெனச்சுக்கிட்டாவது இருந்துட்டுப் போகட்டும்.”

உனக்கும் வீட்டில் ஒரு பிள்ளை இருக்கிறதே என்று கேட்க நினைத்தாள். இவனையா அத்தனை பேச்சுப் பேசினோம் என்று தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

அதிகாரி திரும்பி வந்து ஃபைலைப் பிரித்தார்.

“எல்லாம் சரி. ஃபாரத்துல இருக்கிறது உங்கப்பா கையெழுத்து மாதிரில்ல இருக்கு?”

“அதையும் நான்தான் சார் போட்டேன். அவருக்குத் தெரியாம.”

அதிகாரி அவனை நம்பின மாதிரி தெரியவில்லை. தாளை அக்கா பக்கம் திருப்பினார்.

“நீங்க சொல்லுங்கம்மா. பெத்த பொண்ணு, உங்களுக்குத் தெரியாம இருக்காது. இது உங்கப்பா கையெழுத்துதானா? ஆமான்னா, இப்பவே அவரைப் போய்ப் பார்க்கணும்.”

அக்கா பார்த்தாள். முதல் எழுத்துக்குக் கீழே ஒரு கோடு, முடிவில் அழுத்தி வைத்த இரண்டு புள்ளிகள். அவளுடைய பள்ளிக்கூட மார்க் அட்டை முழுக்க இருந்த அதே கையெழுத்து.

தம்பி அவளைப் பார்த்தான். வாய்விட்டுச் சொல்ல முடியாத கெஞ்சல் அந்த முகத்தில் இருந்தது. அப்பாவா, தம்பியா என்று அவளை நிறுத்தி வைத்துக் கேட்கிற மாதிரி இருந்தது. அழக்கூடாது, அழுதால் எல்லாம் கெட்டுவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“இது எங்கப்பா போட்டது இல்லைங்க,” என்றாள். “இந்தத் திருட்டுப் பய போட்டது.”