காந்தம் குடித்த பெட்ரோல்

சூசைக்கு நடந்த துரோகங்கள் நான்கு. வரிசை மாறாமல் சொல்வார்; அடுத்தவர் மாற்றிச் சொன்னால் திருத்துவார்.

முதலாவது, கம்பெனி அவரை வேலையை விட்டு நீக்கியது. இரண்டாவது, கூட நின்று கோஷம் போட்டவர்களே மறுவாரம் கம்பெனி நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்கு உள்ளே போனது. மூன்றாவது, சங்கம் அவரைத் தலைவர் பதவியிலிருந்து இறக்கி 'ஆலோசகர்' ஆக்கியது. நான்காவது, சங்கத்தின் வெள்ளிவிழாத் துண்டறிக்கையில் அவர் பெயரை விட்டது.

ஐந்தாவது, மெக்கானிக் முனிராஜ் மாட்டிக் கொடுத்த மைலேஜ் காந்தம்.

ஓசூர் ராயக்கோட்டை ரோட்டில், முனிராஜின் கடை வாசலில் சூசை கத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய மொபெட்டும் தன் பங்குக்குப் படபடத்துக்கொண்டிருந்தது. டீக்கடை ராமப்பனையும் பூக்காரி மாதம்மாளையும் சாட்சிக்கு இழுத்து வந்திருந்தார்.

"பெட்ரோல் குழாயில காந்தத்த மாட்டினா மைலேஜ் ஏறும்னாங்க. ஏறல, தோழர்களே! முன்னாடி குடுத்ததையும் குடுக்கல!"

"அது ஏத்தவும் ஏத்தாது, எறக்கவும் எறக்காது, வேணாம்னு அன்னிக்கே சொன்னேனேண்ணா," என்றான் முனிராஜ்.

"எப்படிச் சொன்ன? கார்க்காரனுக்கு மாட்டுவ, மொபெட்காரன்னா வேணாமா? போராடித்தான வாங்கினேன்! நாளைக்குக் காலையில இதே வாசல்ல உண்ணாவிரதம். பந்தலுக்குச் சொல்லியாச்சு."

முனிராஜ் மாடியைப் பார்த்தான். ஜன்னலில் கட்டட ஓனரின் தலை தெரிந்தது. வாசலில் இன்னொரு தகராறு என்றால் கடையைக் காலி செய்துவிட வேண்டும் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

"அண்ணா, ஒரு டெஸ்ட் பாத்துடலாம். டேங்க காலி பண்ணி ஒரே ஒரு லிட்டர் ஊத்தறேன். ராயக்கோட்டை போய்ட்டு வாங்க. அப்புறம் நானும் ஒரு லிட்டர்ல போய்ட்டு வர்றேன். காந்தம் அப்படியே இருக்கட்டும்."

"சரி. ஆனா குத்தவாளி யாருன்னு தெரிஞ்சதும், சாட்சிங்க முன்னால பேரைச் சத்தமாப் படிக்கணும். மூடி மறைக்கறதெல்லாம் எங்கிட்ட ஆகாது."

சூசை கிளம்பினார். கண்காணிக்கப் பின்னாலேயே ஆட்டோ கிங்ஸ்டன் போனான்.

போனவர்கள் திரும்பியபோது மொபெட் தானாக வரவில்லை. திரும்பும் வழியில் உத்தனப்பள்ளியிலேயே பெட்ரோல் தீர்ந்துபோக, அங்கிருந்து கிங்ஸ்டன் ஆட்டோவில் உட்கார்ந்தபடி அதைக் காலால் தள்ளிக்கொண்டு வந்திருந்தான். வழியில் பெட்ரோல் ஊற்றினால் சோதனை கெட்டுவிடும் என்று சூசை மறுத்துவிட்டாராம்.

அடுத்த லிட்டரில் முனிராஜ் போனான். ராயக்கோட்டையைத் தொட்டுவிட்டு, சொந்த ஓட்டத்திலேயே வந்து நின்றான்.

"ஏமய்யா இது! அதே வண்டி, அதே காந்தம்," என்றார் ராமப்பன்.

"நான் சொல்றேன்," என்றான் கிங்ஸ்டன், காலைத் தேய்த்தபடி. "கம்பெனி கேட்டுல காண்ட்ராக்ட் பசங்கள நிறுத்தி வண்டிய அணைக்காமலே போனஸ் பத்திப் பேசினாரு. வண்டி ஓடிட்டே இருக்குது. ரயில்வே கேட்டுல லாரிக்காரன்கிட்ட டீசல் வெலை. வண்டி ஓடிட்டே இருக்குது. தக்காளி மண்டியில விவசாயி பிரச்சினை. நான் ஆட்டோவ நிறுத்திட்டுத் தூங்கியே எழுந்துட்டேன். அப்பவும் ஓடிட்டேதான் இருக்குது!"

"பேசறப்ப வண்டிய அணைச்சா என்னாப்பா சூசை?" என்றாள் மாதம்மாள்.

"அணைக்கறதா? போலீஸ் வந்தா கிக்கர உதைச்சுட்டு நிக்கச் சொல்றியா? கேட் மீட்டிங்னா வண்டி ஓடிட்டேதான் இருக்கணும்!"

"போலீஸ் கடைசியா எப்ப வந்துது?"

சூசை யோசித்தார். "பெரியவன் பொறக்கறதுக்கு முன்னால."

பெரியவனுக்கே இப்போது தலை நரைத்துவிட்டது.

"அது பழைய பழக்கம். காந்தம் மாட்டினப்புறம் இன்னும் கொறஞ்சுதே, அது எப்படி?" ராமப்பன் விடவில்லை.

சூசையின் குரல் இறங்கியது. "அதான் மிச்சம் புடிக்குதேன்னு... கூடக் கொஞ்சம் நின்னு பேசினேன்."

மாதம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முனிராஜ் மட்டும் சிரிக்கவில்லை.

"விடுங்கண்ணா. தப்பு காந்தத்து மேலன்னே முடிச்சுக்கலாம். நீங்க வீட்டுக்குப் போங்க."

சூசை மொபெட்டை உதைத்துக் கிளப்பினார். ஏறப் போனவர் நின்றார்.

'விடுங்க சூசை.' நான்கு துரோகத்திலும் அவருக்குக் கிடைத்த நியாயம் அந்த இரண்டு வார்த்தைதான். குற்றவாளியின் பெயரை ஒரு தடவைகூட ஒருத்தரும் சபையில் சொன்னதில்லை.

சாவியைத் திருகி வண்டியை அணைத்தார். டீக்கடை பெஞ்சின் மேல் ஏறி, தொண்டையைச் செருமிக்கொண்டு மாடியை அண்ணாந்து பார்த்தார்.

"ஓனரே, நீங்களும் கேட்டுக்குங்க! தோழர்களே! அஞ்சாவது துரோகத்தைச் செய்த குத்தவாளியின் பெயர்..."

கடைசியில் ஒருத்தன் பெயரையாவது சபையில் படிக்கிறோம் என்ற பெருமையோடு, சூசை உரக்கப் படித்தார்:

"ஆ. சூசை!"