ரப்பர் கையின் விரல்

இந்தத் தக்காளியும் நசுங்கிப் போயிற்று.

பிடித்தது, ஆய்வகத்தில் புதிதாகச் செய்த, காற்று ஊதினால் மடங்கும் ரப்பர் இயந்திரக் கை. மாலையில் தொழிற்சாலைக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். அவர்கள் எதிரிலும் நசுக்கினால் குப்பைக்கூடைதான்.

"பம்பண்ணே, காற்றை அளவாக ஊதித் தொலையேன்!" என்று கத்தியது ரப்பர் கை.

"அளவாகத்தான் ஊதுகிறேன். தக்காளியைத் தொட்டதும் நிறுத்தச் சொல்ல வேண்டியது நீதானே?" என்றது பம்ப்.

"தொட்டதே தெரியவில்லையே!"

பக்கத்து மேசை இரும்புக் கை சிரித்தது. ரப்பர் கை தேறினால் வேலை போவது அதற்குத்தான்.

"எப்படித் தெரியும்? அழுக்குப் படக்கூடாது என்று உன்னைச் செய்த சௌதாமினி அம்மா ஆசையாகப் போட்ட பிளாஸ்டிக் உறை விரலில் அப்படியே இருக்கிறது. ஆராய்ச்சி மும்முரத்தில் கழற்ற மறந்துவிட்டாள். விரலை நீட்டடா, மண்டு!"

மாலையில் தக்காளி நசுங்கவில்லை. வந்தவர்கள் ரப்பர் கையைத் தட்டிக்கொடுத்தார்கள்.

உறையை உரித்துவிட்டது இரும்புக் கை.