ஆள் பார்க்காத பொத்தான்

ஆறு படகுகளின் ரேடியோக்களுக்கு ஒரே குழு எண் இருந்தது. அதில் ஒன்று கூப்பிட்டால் மற்ற ஐந்தும் சேர்ந்து மணியடிக்கும். ஒரு நாள் நீலப் படகின் ரேடியோ மீன் கூட்டத்தைக் கண்டது. குழுவைக் கூப்பிடாமல், சிவப்புப் படகின் ரேடியோவை விட்டுவிட்டு மற்ற நான்கையும் தனித்தனியாகக் கூப்பிட்டது. அது தெரிந்ததும் அன்றே சிவப்புப் படகின் ரேடியோ குழு எண்ணைத் தன்னிடமிருந்து அழித்துவிட்டது.

பதினோரு வருஷம் போனது. ஒரு காலையில் பனிமூட்டத்தில் கடலும் வானமும் ஒரே பால் நிறமாகக் கிடந்தன. மேகத்தில் மிதப்பதுபோல் இருந்த சிவப்புப் படகின் அடிப்பலகை விரிசல் விட்டு, தண்ணீர் மெல்ல ஏறியது.

ரேடியோவின் ஆபத்துப் பொத்தான் மூடிக்குள்ளிருந்து சொன்னது: "அஞ்சு விநாடி என்னை அழுத்திப் பிடி அண்ணே. பக்கத்துல இருக்கிற எல்லாருக்கும் கேக்கும்."

"அந்த நீலத்துக்கு மட்டும் கேக்காம அனுப்பேன்."

"ஆள் பார்த்து அனுப்ப எனக்குத் தெரியாது."

தண்ணீர் பேட்டரியைத் தொட்டது. ரேடியோ அழுத்தியது. நாலாவது விநாடியில் விட்டுவிடலாமா என்று நினைத்தது. விடவில்லை.

பனிக்குள்ளிருந்து முதலில் வந்தது நீலப் படகுதான்.

"உன் குரலைக் கேட்டு எத்தனை வருஷமாச்சு. நல்லா இருக்கியா?" என்றது அதன் ரேடியோ.

"முழுகிக்கிட்டு இருக்கேன்."

நீலப் படகு கயிறு வீசியது.

"என் பின்பக்கத்துல கட்டு," என்றது சிவப்புப் படகின் ரேடியோ. "வழியெல்லாம் உன்னைப் பார்த்துக்கிட்டு வர முடியாது."

நீலப் படகு அப்படியே கட்டி இழுத்தது. கரைந்துகொண்டிருந்த பனியைப் பார்த்தபடியே சிவப்புப் படகின் ரேடியோ கரைவரைக்கும் பின்னோக்கி வந்தது.