ஒரே ஒரு தாமரைத் தண்டு

ஆம்பல் நாட்டில் ராஜா இறந்தால் அவருடைய பிள்ளைகள் அரண்மனைக் குளத்தில் முங்க வேண்டும். கடைசியாகத் தலை தூக்குகிறவனுக்குத்தான் கிரீடம். படியில் நின்றபோது அண்ணன் வேள்மாறன், "மூச்சு முட்டினா ஏறிடுடா, செத்துக்கித்துத் தொலைக்காதே" என்றான். தம்பி கொற்றன் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினான். அவன் இடுப்பில் ஒரு தாமரைத் தண்டு ஒளிந்திருந்தது. முங்கியதும் அதன் நுனியை இலைகளுக்கு நடுவே மேலே நீட்டி, சொகுசாக மூச்சு வாங்கினான். எதிரே அண்ணனுக்குக் கன்னம் உப்பியது, கண் பிதுங்கியது, ஆனாலும் ஆள் ஏறுகிற வழியாக இல்லை. இன்னும் சற்றுப் பொறுத்தால் கிரீடம் கொற்றனுக்கு, அண்ணன் மீனுக்கு. கொற்றன் தண்டை அண்ணன் வாயில் செருகினான். வேள்மாறன் ஆழமாக இழுத்தான், தண்டைப் பார்த்தான், தம்பியின் தலையில் ஒரு குட்டு வைத்தான், பிறகு தண்டைத் திருப்பிக் கொடுத்தான். இப்படி மாறி மாறி மூச்சு வாங்கி இன்றோடு பதினோரு நாள். மந்திரிகள் கரையில் முறைபோட்டுத் தூங்குகிறார்கள். ராணி மட்டும் வேளை தவறாமல் படிக்கு வந்து, "சோறு ஆறுதுடா, ரெண்டு பேரும் ஏறி வாங்க" என்று தண்ணீரிடம் சொல்லிவிட்டுப் போகிறாள். கீழே இருவரும் 'நீ முதலில் போ' என்று கை காட்டிக்கொள்கிறார்கள். நேற்றிலிருந்து அண்ணன் தண்டைத் திருப்பித் தரக் கொஞ்சம் தாமதிக்கிறான். கொற்றனும் அவசரப்படுத்துவதில்லை.