சாட்சி சொல்லப் போறோம்

“ரெண்டு நாளைக்காக வெளிநாடா? இந்த வயசுல வீட்ல இருந்து ஓய்வெடுக்கக் கூடாதாம்மா?” என்றார் மிஷன் செயலாளர்.

“ஃபிரெண்ட்ஸ் கூப்பிட்டிருக்காங்க, தம்பி. போயே ஆகணும்,” என்றாள் மிஷனரியம்மா.

“போய் என்ன பண்ணப் போறீங்க?”

“சாட்சி சொல்லப் போறோம்.”

செயலாளரின் முகம் மலர்ந்தது. “அதை முதல்லயே சொல்லியிருக்கலாமே! சபை நடுவுல எழுந்து நின்னு, யாருக்கும் பயப்படாம சாட்சி சொல்லுங்க!”

பக்கத்தில் நின்ற அவள் கணவருக்கு இருமல் வந்துவிட்டது.

விமானத்தில் ஏறியதும் அவர் புலம்பினார். “விஷயம் தெரிஞ்சா நம்மள ஊழியத்துல இருந்தே தூக்கிடுவாரு.”

“தூக்கட்டும். என் வெயிட்டுக்கு அவருக்குத்தான் இடுப்பு பிடிச்சுக்கும். நான் சொன்னதுல எந்த வார்த்தை பொய், சொல்லுங்க?”



சனிக்கிழமை காலை, திருமணப் பதிவு அலுவலகம். மாலையும் கழுத்துமாக நின்ற ஜோடியைப் பார்த்துவிட்டு அதிகாரி கேட்டார். “ரெண்டு பேரும் மனசார சம்மதிச்சுத்தான் கட்டிக்கிறாங்கன்னு சொல்ல, பொண்ணு பக்கம் சாட்சி யாரு?”

“நாங்க!” என்று முன்னால் வந்தாள் மிஷனரியம்மா. உரக்கச் சொல்லிவிட்டு, அழுத்தமாகக் கையெழுத்தும் போட்டாள். கணவரும் போட்டார்.

மணப்பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “வேற மதத்துப் பையனைக் கட்டினா என் முகத்துல முழிக்காதன்னு அப்பா தலைமுழுகிட்டாரு. நீங்க வந்தது தெரிஞ்சா உங்களைச் சும்மா விடுவாரா, ஆன்ட்டி?”

“ஏன் விடமாட்டாரு? ‘யாருக்கும் பயப்படாம சாட்சி சொல்லுங்க’ன்னு செயலாளர் நாற்காலியில உட்கார்ந்து அனுப்பி வச்சதே உங்கப்பாதானேம்மா!”